முதுகைப் பார்த்தவர்

அவர் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அவருக்குத்தான் கஷ்டம். இப்போது எங்கே வேலை பார்க்கிறார் என்பதையும் சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் எல்லோரும் நர்சம்மா என்றுதான் கூப்பிட்டோம்.

வீடு தேடி வந்து வைத்தியம் பார்க்கிற அரசாங்கத் திட்டத்தில் அவருக்கு வேலை. நிரந்தர வேலை இல்லை. திண்டிவனத்திலிருந்து பழைய ஸ்கூட்டியில் வருவார். வயது நாற்பத்தைந்து இருக்கும். குள்ளம். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. அவர் சிரித்து நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். மற்ற நேரமெல்லாம் கோபம்தான்.

எங்கள் ஊர் பெருமுக்கல் பக்கம். நான் கல் உடைக்கிறவன். மூன்றாவது வரைக்கும் படித்தேன். என் பெண்சாதி அஞ்சலைக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. 'ம்', 'இல்ல', இந்த இரண்டு மட்டும் வரும். ஒரே பெண், பாண்டிச்சேரியில் கம்பெனி வேலை. மாதம் ஒரு தடவை வரும். அதனால் நான் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தேன்.

நர்சம்மா முதலில் வந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. செருப்பை வாசலில் விட்டார். நேராக உள்ளே வந்தார். எப்படி இருக்கிறார்கள் என்று கேட்கவில்லை. நானாகவே சொல்ல ஆரம்பித்தேன். வேளாவேளைக்குக் கஞ்சி கொடுக்கிறேன், தினம் துடைத்து விடுகிறேன், நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"நீங்க சொல்றதக் கேக்க நான் வரலண்ணா. அவங்களத் திருப்புங்க."

திருப்பினேன். புடவையை விலக்கினார். முதுகெலும்பு முடிகிற இடத்தில் புண். எலுமிச்சம்பழம் வைக்கலாம், அவ்வளவு குழி. உள்ளே கறுப்பு.

நான் அதைப் பார்த்ததில்லை என்று சொல்ல மாட்டேன். சிவப்பாக இருந்தபோது பார்த்தேன். பவுடர் போட்டேன். அப்புறம் வாடை வந்தது. வாடைக்கு ஊதுவத்தி கொளுத்தி வைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான்.

சுவரில் ஆணியில் ஒரு அட்டை தொங்கும். யார் வந்தாலும் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அதை எடுத்துப் பார்த்தார்.

"நாலு பேரு வந்துட்டுப் போயிருக்கறாங்க. ஒருத்தர்கூடத் திருப்பலியா?"

பிரஷர் பார்த்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார்கள், நல்லா இருக்கறாங்க என்று சொன்னேன் என்றேன்.

"நல்லா இருக்கறாங்க." என் குரல் மாதிரியே சொல்லிக் காட்டினார். "இதத்தான் எல்லாரும் எழுதிக்கினு எழுதிக்கினு போறாங்க. இங்க ஒரு மனுசி அழுகிக்கினு இருக்கறா."

எனக்குக் கோபம் வந்தது. என் வீட்டில் நின்றுகொண்டு என்னைத் திட்டுகிறார். அவர் கத்திரியால் கறுப்பை வெட்டி எடுத்தார். நான் அஞ்சலையின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் ஆனது. போகும்போது சொன்னார். பகல், ராத்திரி எதுவும் கிடையாது, இரண்டு மணிக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கவேண்டும். மறந்தால் மறுபடி வருவதில் பிரயோஜனம் இல்லை.

அடுத்த வாரம் வந்தவர் பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்தார். சவரம் பண்ணுகிற வட்டக் கண்ணாடி. இன்னொரு கண்ணாடி எங்கள் வீட்டில் இருந்தது. அதை என்னைப் பிடிக்கச் சொன்னார். இரண்டையும் அப்படி இப்படிச் சாய்த்து, அஞ்சலைக்கு அவள் முதுகைக் காட்டினார்.

எதுக்கு, பயந்துவிடுவாள் என்றேன்.

"அவங்க முதுகு. அவங்களுக்குத்தான் மொதல்ல தெரியணும். நீங்களும் நானும் அப்புறம்."

அஞ்சலை ரொம்ப நேரம் பார்த்தாள். அழவில்லை. என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் இப்போதும் தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகு நேரம் தப்பினால் அவளே இடது கையால் கட்டிலைத் தட்டுவாள். அதுவரைக்கும் ஒருநாளும் தட்டினதில்லை. என்ன நடக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை, அதனால்.

புண்ணை அளக்க அவர் வைத்திருந்த வழியைச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் தெரிகிற பிளாஸ்டிக் தாளை ஸ்பிரிட் போட்டுத் துடைப்பார். புண்ணின் மேல் வைத்து, ஓரத்திலேயே பேனாவால் சுற்றி வரைவார். மறுபடி துடைத்துவிட்டு மூலையில் தேதி போடுவார். அடுத்த வாரம் இன்னொரு தாள். பழையதையும் புதியதையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். புதுக் கோடு பழைய கோட்டுக்குள்ளே இருந்தால் 'ம்' என்பார். வெளியே ஒரு இடத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் போச்சு. என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் படுத்திருந்தாள் என்று போலீஸ்காரன் மாதிரி கேட்பார். ஒரு தடவை, பெண் வந்திருந்த அன்று இருவரும் பேசிக்கொண்டே இருந்ததில் நேரம் தப்பிவிட்டது. அதைக் கோட்டை வைத்தே கண்டுபிடித்தார்.

அந்தத் தாள்களை என்னிடமே கொடுத்துவிடுவார். ஆபீசில் கொடுக்க வேண்டாமா என்று கேட்டேன். அங்கே இதற்கு இடம் கிடையாது என்றார்.

அங்கே எதற்கு இடம் இருந்தது என்பதையும் அவர்தான் சொன்னார். ஒரு வீட்டுக்குப் போனால் வீட்டுக்காரரோடு நின்று போட்டோ எடுத்து செல்போனில் ஏற்ற வேண்டும். எந்த ஊர், எத்தனை மணி என்று அதுவே போட்டுக்கொள்ளும். போட்டோ ஏறினால் அந்த வீடு முடிந்தது. ஒருநாளைக்கு இத்தனை வீடு என்று கணக்கு. நர்சம்மா ஒரு தடவை அஞ்சலையின் புண்ணைப் படம் எடுத்து ஏற்றியிருக்கிறார். முகம் தெரியவில்லை, மறுபடி எடுக்கவும் என்று திரும்பி வந்துவிட்டது.

"என் மூஞ்சிய வச்சிக்கினு இன்னா பண்ணப் போறாங்களோ" என்றார். அன்றைக்குத்தான் அவர் சிரித்து முதலில் பார்த்தேன்.

சில வீடுகளுக்கு வழி காட்ட நானும் போயிருக்கிறேன். பக்கத்து ஊரில் ஒரு பெரிய விவசாயி. மாடி வீடு. அவருடைய அம்மாவுக்குக் காற்றடிக்கிற மெத்தை, தலைமாட்டில் பழம், வெள்ளை விரிப்பு. மகன் நாற்காலி போட்டார். நர்சம்மா உட்காரவில்லை. கிழவியைத் திருப்பினார். இரண்டு குதிகாலும் வெந்த மாதிரி இருந்தது. மெத்தையில் காற்றே இல்லை. சுவிட்ச் போட்டால் சத்தம் வருகிறது, தூக்கம் கெடுகிறது என்று அணைத்து வைத்திருந்தார்கள்.

மகனைப் பார்த்து, பழம் வாங்கத் தெரிகிறது, காலைத் தூக்கிப் பார்க்கத் தெரியவில்லையா என்று கேட்டார். அவர் ஊரில் பெரிய மனிதர். எவ்வளவு வேண்டும் உனக்கு என்கிற மாதிரி ஏதோ பேசினார். நர்சம்மா குதிகாலைக் கட்டி முடித்துவிட்டு, சுவிட்சைப் போட்டுவிட்டு வந்துவிட்டார். அந்த வீட்டிலிருந்து புகார் போனது.

அதே தெருக் கடைசியில் ஒரு கூரை வீடு. வேர்க்கடலை உடைக்கிற மல்லாட்டை மிஷினில் வேலை செய்கிற ஒருவன், கல்யாணம் ஆகாதவன், இடுப்பு உடைந்த அப்பாவை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். வீடு முழுக்கக் குப்பை. பழைய வேட்டிகளைச் சுருட்டி, முட்டிக்கு நடுவில், காலுக்கு அடியில் என்று கொடுத்திருந்தான். நர்சம்மா அந்தக் கிழவனைத் திருப்பினார். தோல் குழந்தைத் தோல் மாதிரி இருந்தது. தரையில் உட்கார்ந்து, டீ இருக்குதா என்று கேட்டு வாங்கிக் குடித்தார்.

அவர் எல்லா வீட்டிலும் டீ குடிக்க மாட்டார் என்பது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. முதுகு சுத்தமாக இருக்கிற வீட்டில் மட்டும்தான். என் வீட்டில் மூன்றாவது மாதம் முடிகிறபோது குடித்தார். வரக்காப்பிதான் இருந்தது. அதையே குடித்தார். அன்றைக்கு முழுதும் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். ஐந்தாவது மாதம் புண் புளியங்கொட்டை அளவுக்கு வந்துவிட்டது.

அப்போதுதான் அந்தப் போன் வந்தது.

எங்களுக்குச் செவ்வாய்க்கிழமை குறித்திருந்தார்கள். ஆனால் அவர் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் எப்படி முடியும்? எங்கள் வீட்டுக்குப் புதன்கிழமை வருவார். சில வாரம் வியாழன். எனக்கு அது குறையாகத் தெரிந்ததில்லை. போனில் ஒரு பெண் குரல், ஆள் இல்லை, பதிவு பண்ணின குரல். திட்டத்தின் தரத்தை அறிய உங்கள் கருத்து வேண்டும் என்றது. குறித்த நாளில் செவிலியர் வந்தாரா? ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் இரண்டை அழுத்தவும்.

வராததை வந்தார் என்று எப்படிச் சொல்வது? அவரைக் கேட்டாலும் உள்ளதைச் சொல்லு என்றுதானே சொல்வார். இரண்டை அழுத்தினேன். அடுத்து, ஏன் என்று கேட்கும், புதன்கிழமை வந்து ஒரு மணி நேரம் உட்காருகிறார் என்று சொல்லலாம் என்று காத்திருந்தேன். நன்றி என்று சொல்லி அது கட் ஆகிவிட்டது.

ஊரில் இன்னும் மூன்று நான்கு பேர் அப்படியே அழுத்தியிருக்கிறார்கள். எல்லாம் அவர் மேல் உயிரை வைத்திருந்தவர்கள். மறுமாதம் அவரைக் கண்டமங்கலம் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

புதிதாக வந்தது ஒரு சின்னப் பெண். கெட்ட பெண் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு டாண் என்று வந்துவிடும். பிரஷர் பார்க்கும். அஞ்சலையோடு சேர்ந்து போட்டோ எடுக்கும். திருப்பிப் பாரும்மா என்றேன் ஒரு வாரம். அதன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இன்னும் பதினோரு வீடு இருக்குது தாத்தா. முடிக்கலன்னா எனக்குப் பேஜாரு."

நான் என்னால் ஆனதைச் செய்தேன். திருப்பினேன், கழுவினேன், கட்டினேன். ஆனால் புண் தோலுக்கு அடியில் குடைந்து எங்கே பை கட்டுகிறது என்று பார்க்கிற கண் எனக்கு இல்லை. நானே பிளாஸ்டிக் தாள் வாங்கி வந்து கோடு வரைந்தேன். ஏழு வாரம் வரைந்தேன். ஒவ்வொரு கோடும் முந்தின கோட்டுக்கு வெளியே போனது.

தாள்களை எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டு ராணியிடம் அஞ்சலையை விட்டுவிட்டு, விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினேன். ஆபீசில் பதினொரு மணியிலிருந்து ஒன்றரை வரைக்கும் நிற்க வைத்தார்கள். அப்புறம் எங்கள் பக்கத்துச் சூப்பர்வைசர் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் பேசினார். தாள்களை மேசையில் அடுக்கினேன். இது நர்சம்மா வரைந்தது, இது அவர் போன பிறகு என்றேன்.

"போன பிறகு வரைஞ்சது யாரு?"

நான்தான் என்றேன்.

"நீங்க வரைஞ்சத வச்சிக்கினு நான் மேல இன்னா சொல்றது பெரியவரே?"

கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கட்டம் கட்டமாக ஊர்ப் பெயர்கள். எங்கள் ஊர் முன்னே சிவப்பில் இருந்ததாம், இப்போது பச்சைக்கு வந்துவிட்டதாம். ஒரு வாரம்கூடத் தப்பாமல் ஆள் வருகிறது, நீங்கள் சந்தோஷப்பட வேண்டும் என்றார்.

தாள்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும். பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறிவிட்டேன். கண்டமங்கலத்தில் இறங்கி, நான்கு பேரிடம் கேட்டு, ஒரு தெருவில் அந்த ஸ்கூட்டி நிற்பதைக் கண்டுபிடித்தேன். உள்ளே ஒரு ஆளின் காலைக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"இங்க இன்னா பண்றீங்க?"

தாளைக் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"உள்ள கறுப்பா, சிவப்பா?"

சிவப்பு என்றேன். வாடை இல்லை என்றேன்.

போனில் அந்த இரண்டை அழுத்தினது நான்தான், அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றேன். அவர் கட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டே பேசினார்.

"தெரியும். மாத்தினப்ப குடுத்த பேப்பர்ல உங்க நம்பர் இருந்துச்சி. நான் செவ்வாக்கெழம வந்தனா? வரல இல்ல? அப்ப வரலன்னுதான் சொல்லணும். கேட்டவனுக்குக் கேக்கத் தெரியல, அதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க." அப்புறம் நிமிர்ந்தார். "காலையில எத்தன மணிக்குக் கிளம்பனீங்க?"

எட்டு மணி என்றேன்.

"மணி மூணாவுது. அவங்கள யாரு திருப்பறது?"

ராணி இருக்கிறாள் என்றேன்.

"ராணி திருப்புவாளா? திருப்பத் தெரியுமா அவளுக்கு? எங்கிட்ட மன்னிப்பு கேக்க ஒரு நாள் பூரா அந்த மனுசிய ஒரே பக்கம் போட்டுட்டு வந்திருக்கறீங்க. போங்க. ஜல்தி போங்க."

அந்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் பார்க்க என்னைத் துரத்தினார். வீட்டுக்கு வந்து சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். அஞ்சலை நான் விட்ட பக்கமாகவே படுத்திருந்தாள். நல்லாத் தூங்கிச்சி, எதுக்கு எழுப்பறதுன்னு விட்டுட்டேன் என்று ராணி சொன்னாள். கட்டில் சட்டத்தில் அஞ்சலையின் கைபடுகிற இடத்தில் அவளுடைய வளையல் உடைந்து கிடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு முன்னே வாசலில் ஸ்கூட்டி சத்தம் கேட்டது. மாதா கோயிலில் பூசை முடிந்த கையோடு, நல்ல புடவையில் வந்திருந்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளே பை கட்டியிருந்ததைத் திறந்து கழுவினார். அதற்கப்புறம் ஞாயிறு தப்பாமல் வந்தார். ஆறாவது ஞாயிறு கோடு மறுபடி உள்ளே போக ஆரம்பித்தது. அஞ்சலையைப் பார்த்துச் சிரித்தார். அது இரண்டாவது தடவை.

இப்படி வருவது தெரிந்தால் உங்களுக்கு ஆபத்து இல்லையா என்று கேட்டேன். தன் பக்கத்தை விட்டு வேறு இடத்தில் அரசாங்க மருந்தைத் தொட்டாலே வேலை போய்விடும் என்றார். மருந்தைத் தன் காசில் வாங்கி வந்திருந்தார். அதற்கும் ஒரு சட்டம் வைத்திருப்பார்கள் என்றார்.

யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த மாடி வீடாக இருக்கலாம். எட்டாவது ஞாயிறு நர்சம்மா போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, விழுப்புரத்துச் சூப்பர்வைசர் பைக்கில் வந்து இறங்கினார். ஞாயிற்றுக்கிழமையிலும் அவருக்கு வேலை. செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"பழைய நர்ஸ் இங்க வந்துக்கினு போய்க்கினு இருக்கறதா புகார். உண்மையச் சொல்லுங்க பெரியவரே. உங்களுக்கு ஒண்ணும் வராது. வர்றாங்களா?"

நான் பொய் சொல்கிறவன் இல்லை. சொன்னதும் இல்லை. அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"அவங்க போனதுல இருந்து இந்தப் பக்கம் வரல சார்."

அவர் நம்பவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, அஞ்சலையிடம் சத்தமாகக் கேட்டார். வாதம் வந்தவர்களுக்குக் காதும் கேட்காது என்று நினைத்துக்கொண்டார் போல. அந்த நர்ஸ் வந்தாங்களாம்மா?

"இல்ல" என்றாள் அஞ்சலை.

அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். அட்டையை எடுத்துக் கையெழுத்துகளைப் பார்த்தார். மருந்து டப்பாவைத் திறந்து பார்த்தார். செல்போனில் ஏதோ தட்டினார். பிறகு கட்டிலோடு சேர்த்து என்னை நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்தார். நோயாளி நலம் என்று போட்டுக்கிறேன் என்றார்.

அஞ்சலை மல்லாந்து படுத்திருந்தாள். முதுகுக்கு அடியில் புதுக்கட்டு இன்னும் காயவில்லை. மருந்து வாசனை எனக்கு அடித்தது, அவருக்கும் அடித்திருக்கும். ஒரே ஒரு தடவை திருப்பியிருந்தால் போதும், நர்சம்மாவின் வேலை அன்றைக்கே போயிருக்கும்.

அவர் திருப்பவில்லை.